எந்த வரியில் நிற்கிறீர்கள்?

ஐடிஐயில் டர்னர் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் லேத்தின் முன் நின்றவர், மேற்பார்வையாளர் வேலைக்கு டிப்ளமோ கேட்கிறார்கள் என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு சேர்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு பெண், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, விட்டுப்போன கணக்குப் பாடத்தை எழுதி முடிக்கத் தனித்தேர்வராக விண்ணப்பிக்கிறார். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து படிப்பவர்கள் உண்டு. மகன் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் போய்ப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் அப்பாக்களும் உண்டு. இப்படிப் பல வருட இடைவெளிக்குப் பின் கணக்குப் பக்கம் திரும்புகிறவர்கள் தடுமாறும் இடங்களில் முக்கியமானது முக்கோணவியல். சதவீதமும் வட்டியும் பிழைப்பிலேயே பழகிவிட்டவை. சைன், காஸ், டேன் மூன்றும் பள்ளி வாசலோடு நின்றுபோனவை. ஆகவே வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு யாரிடமாவது போகிறார்கள்: தெருவில் டியூஷன் எடுக்கும் ஆசிரியரிடம், கூட வேலை பார்க்கும் இளைஞரிடம், சொந்த மகளிடம். கேட்பது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: "இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க சார்."

அந்த வாக்கியத்தில் பணிவு இருக்கிறது, அவசரம் இருக்கிறது. கேட்பவருக்கு எந்த உதவி வேண்டும் என்ற தகவல் மட்டும் இல்லை. முழுக் கணக்கையும் போட்டுக் கொடுத்தால் நோட்டில் விடை ஏறிவிடும், அடுத்த கணக்கில் கை பழைய இடத்திலேயே நின்றுவிடும். இடைவெளிக்குப் பிறகு வருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "மூன்றாவது வரி வரைக்கும் வந்துட்டேன் சார், இதிலிருந்து நாலாவது வரி எப்படி வருது?" விடையைக் கேட்காமல் வரியைக் கேட்பது நல்ல பழக்கம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முக்கோணவியலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் நிற்பது முக்கோணவியலிலேயே இல்லை. அதற்குக் கீழ் வகுப்புகளில் படித்த ஏதோ ஒன்றில்தான் கால் சிக்கியிருக்கிறது. எதில் என்று தெரியாமல் யாராலும் உதவ முடியாது. அது தெரிந்துவிட்டால், பாதி உதவி கேட்பதற்கு முன்பே கிடைத்துவிடும்.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

பத்தாம் வகுப்பில் வழக்கமாக வரும் முற்றொருமைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பின்னங்களைக் கூட்ட வேண்டும். முதல் பின்னத்தில் மேலே 1 + காஸ் தீட்டா, கீழே சைன் தீட்டா. இரண்டாவது அதைத் தலைகீழாகக் கவிழ்த்தது: மேலே சைன் தீட்டா, கீழே 1 + காஸ் தீட்டா. கூட்டினால் 2 கொசெக் தீட்டா வரும் என்று நிரூபிக்க வேண்டும். முதல் வரியில் இரண்டு பின்னங்களுக்கும் பொதுப் பகுதி எடுக்கிறோம். மேலே 1 + காஸ் தீட்டாவின் வர்க்கமும் சைன் தீட்டாவின் வர்க்கமும் வந்து சேர்கின்றன. இரண்டாம் வரியில் அந்த முதல் வர்க்கத்தை விரிக்கிறோம்: 1, 2 காஸ் தீட்டா, காஸ் வர்க்கம் தீட்டா. மூன்றாம் வரியில் காஸ் வர்க்கமும் சைன் வர்க்கமும் கைகோத்து 1 ஆகின்றன. மேலே 2 + 2 காஸ் தீட்டா மிஞ்சுகிறது. நான்காம் வரியில் 2ஐப் பொதுவாக வெளியே எடுக்கிறோம். ஐந்தாம் வரியில் மேலும் கீழும் இருக்கும் 1 + காஸ் தீட்டா அடிபட்டுப் போகிறது. மிச்சம் 2 வகுத்தல் சைன் தீட்டா. ஆறாம் வரியில் 1 வகுத்தல் சைன் என்பதைக் கொசெக் என்று எழுதினால் வேலை முடிந்தது.

இந்த ஆறு வரிகளில் முக்கோணவியல் எத்தனை? மூன்றாவதும் ஆறாவதும் மட்டும். மற்ற நான்கும் பின்னக் கூட்டல், அடைப்புக்குறி விரிப்பது, பொதுக் காரணி எடுப்பது, சுருக்குவது. எல்லாமே எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா. சைன் தீட்டா இருக்கும் இடத்தில் ஓர் எழுத்தையும் காஸ் தீட்டா இருக்கும் இடத்தில் இன்னோர் எழுத்தையும் போட்டாலும் இந்த நான்கு வரிகள் அப்படியே நடக்கும். இடைவெளிக்குப் பின் வருகிறவர் தவறும் இடங்களும் இவைதான். 1 + காஸ் தீட்டாவை வர்க்கமாக்கச் சொன்னால் 1 + காஸ் வர்க்கம் என்று எழுதி, நடுவில் வரவேண்டிய 2 காஸ் தீட்டாவை விட்டுவிடுவார். அல்லது கூட்டலில் மாட்டியிருக்கும் காஸ் தீட்டாவை மட்டும் மேலும் கீழும் அடித்துவிடுவார். பிறகு விடை வராதபோது, "நமக்கு இந்த சைன் காஸே ஏறாது" என்று முடிவு கட்டுவார். உதவ வந்தவரோ நன்றாகக் கணக்குத் தெரிந்தவர். இந்த நான்கு வரிகளும் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆகவே அவற்றை மனத்திலேயே போட்டுவிட்டு, சூத்திரம் வரும் வரியை மட்டும் பெரிதாக எழுதிக் காட்டுவார். கேட்டவருக்குத் தெரியாத வரிகள் எழுதப்படாமலே போகின்றன. ஏற்கெனவே புத்தகத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கும் வரி இன்னொரு முறை விளக்கப்படுகிறது.

உயரமும் தூரமும் பகுதியில் வரும் கணக்குகளிலும் இதே கதைதான். ஒரு கோபுரத்தின் உச்சி ஓரிடத்திலிருந்து 30° ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. கோபுரத்தை நோக்கி 20 மீட்டர் நடந்தால் ஏற்றக்கோணம் 60° ஆகிறது. கோபுரத்தின் உயரம் என்ன? இதில் முக்கோணவியல் தருவது இரண்டே செய்திகள்: டேன் 60° என்பது √3, டேன் 30° என்பது 1/√3. மீதி எல்லாம் படமும் சமன்பாடும். கிட்டே இருக்கும் இடத்திலிருந்து கோபுரத்தின் அடி வரை உள்ள தூரத்தைத் தெரியாத எண்ணாக வைத்தால், எட்ட இருந்த இடத்துக்கு அதோடு 20 கூட்ட வேண்டும். உயரம் இரண்டு முக்கோணங்களுக்கும் பொது. அதை வைத்து இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தால், தூரத்தின் மூன்று மடங்கு, தூரத்தோடு 20 கூட்டியதற்குச் சமம் என்று வரும். தூரம் 10 மீட்டர். உயரம் 10√3, அதாவது சுமார் 17.3 மீட்டர். இங்கே தவறுகிறவர் டேன் மதிப்பை மறந்ததால் தவறுவது குறைவு. அது அட்டவணையில் இருக்கிறது. இருபது மீட்டரைப் படத்தில் தப்பான பக்கம் குறித்ததாலோ, 30°ஐ உச்சியில் எழுதியதாலோ, சமன்பாட்டில் பக்கம் மாற்றும்போது குறி பிசகியதாலோதான் பெரும்பாலும் தவறுகிறார். படத்தைக் காட்டாமல் கணக்கை மட்டும் காட்டி உதவி கேட்டால், இந்த மூன்றில் எது என்பதை எதிரில் இருப்பவர் ஊகிக்கத்தான் முடியும்.

மறதி எதைத் தின்கிறது

இது வெறும் ஊகமாகத் தோன்றலாம். பல ஆண்டுகள் விட்டால் எல்லாமே மறக்கும், இதில் கீழ் வகுப்பு என்ன, மேல் வகுப்பு என்ன என்று கேட்கலாம். ஹாரி பாரிக், லிண்டா ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பள்ளியில் அல்ஜீப்ராவும் வடிவியலும் படித்தவர்களுக்கு, ஏறக்குறைய 50 ஆண்டுகள் வரையிலான இடைவெளிக்குப் பின் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அவர்கள் அளந்தார்கள். கல்லூரியில் கால்குலஸோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குப் பள்ளி அல்ஜீப்ரா அரை நூற்றாண்டு ஆகியும் பெரிதாகக் குறையவில்லை. பள்ளியில் அவர்களுக்கு இணையாக மதிப்பெண் வாங்கி, அதற்கு மேல் கணக்கே படிக்காதவர்களுக்கோ, கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால் கிடைக்கும் அளவை ஒட்டி இறங்கிவிட்டது. மூளைத் திறன் இதைத் தீர்மானிக்கவில்லை. மேல் வகுப்புப் பாடங்களைப் படித்தவர்கள் கீழ் வகுப்பு அல்ஜீப்ராவை அவற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள், அதனால் அது தங்கியது. படிப்பை நிறுத்தியவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆகவே அவரிடமிருந்து கரைந்து போவதில் முக்கோணவியல் மட்டுமல்ல, அதைத் தாங்கும் அல்ஜீப்ராவும் அடங்கும். முக்கோணவியல் போனது அவருக்குத் தெரியும். அல்ஜீப்ரா போனது தெரியாது, அங்கேதான் சிக்கல்.

இன்னொரு பழைய சோதனை இதற்கு ஆறுதலான மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஜெர்மானியரான ஹெர்மான் எபிங்காஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, நாள் கழித்து எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அதில் பிரபலமான செய்தி. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு: மறந்த பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. நினைவில் ஒன்றும் வராத நிலையிலும் எதுவோ மிச்சம் இருந்தது. ஒரே மனிதர் தம்மையே சோதித்துக்கொண்டது, அதுவும் பொருளற்ற அசைகளில், என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். ஆனால் மறுபடி கற்பது முதல் தடவையைவிடச் சுலபம் என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன. ஆகவே "எல்லாம் போச்சு" என்று ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதும் வீண், "எதுவும் போகவில்லை" என்று பத்தாம் வகுப்புக் கணக்கில் நேராகக் குதிப்பதும் வீண். எந்தத் துண்டு போயிருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் திரும்ப எடுத்தால், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வரும்.

முக்கோணவியலின் சொந்தச் சொத்து

அப்படியென்றால் முக்கோணவியலுக்கே உரிய பகுதி எவ்வளவு? ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம். ஒரு செங்கோண முக்கோணத்தில் ஒரு குறுங்கோணம் மாறாத வரை, முக்கோணம் எத்தனை பெரிதானாலும் சிறிதானாலும் பக்கங்களின் விகிதம் மாறாது. வடிவொத்த முக்கோணங்கள் என்ற பாடத்தின் ஒரு விளைவு இது. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். லேத்தில் டேப்பர் டர்னிங் செய்தவருக்கு இது கைப்பழக்கம். பெரிய விட்டம் 40 மில்லிமீட்டர், சிறிய விட்டம் 30, டேப்பரின் நீளம் 50 என்றால், விட்ட வித்தியாசம் 10ஐ நீளத்தின் இரு மடங்கான 100ஆல் வகுத்து, 0.1 என்ற டேன் மதிப்புக்கு உரிய கோணத்தைப் பார்த்து, காம்பவுண்ட் ரெஸ்டை ஏறக்குறைய 5° 43′ திருப்பி வைக்கிறார். எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்று புத்தகம் சொல்வதும் விட்ட வித்தியாசத்தின் பாதி, நீளம் என்று பட்டறை சொல்வதும் ஒன்றேதான். பாலிடெக்னிக் வகுப்பில் டேன் தீட்டாவைப் பார்த்து மிரளும் டர்னருக்கு, தெரிந்ததை வேறு பெயரில் கேட்கிறார்கள் என்று யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சிறிய சொத்தை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சாட்சி நம்மூரிலேயே இருக்கிறது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதற்கு 57 நாள் ஆயிற்று. அந்த ஒரு நீளத்தை அடிப்பக்கமாக வைத்துக்கொண்டு, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியால் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுக்கத் தூரங்களைக் கணக்கிட்டுக்கொண்டே போனார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அந்தக் கருவி சுவரில் மோதிச் சேதமடைந்த சம்பவமும் இதில் உண்டு. நமக்கு இங்கே முக்கியம் அவர்கள் கையாண்ட சரிபார்ப்பு முறை. கோணங்களை நம்பியே கடைசி வரை போய்விடவில்லை. இடையிடையே புதிதாக ஓர் அடிக்கோட்டைத் தரையில் நேரடியாக அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தினால் அதுவரை வந்த முக்கோணங்களை நம்பலாம். பொருந்தாவிட்டால் பிழை எந்தப் பகுதிக்குள் நுழைந்தது என்பது தெரியும், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். முக்கோணவியலை இத்தனை பெரிய அளவில் பயன்படுத்தியவர்களே பிழையின் இடத்தைக் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்துகொண்டுதான் நடந்தார்கள்.

சொந்தச் சொத்து சிறியது என்பதால் அதில் தடுமாற்றமே வராது என்று சொல்ல முடியாது. சைன் என்பதை ஓர் எண் போலப் பெருக்கிவிடலாம் என்று நினைத்து, இரண்டு கோணங்களின் கூடுதலுக்குச் சைன் எடுப்பதும் தனித்தனியாகச் சைன் எடுத்துக் கூட்டுவதும் ஒன்றே என்று எழுதுகிறவர்கள் ஏராளம். சைன் 30° என்பது 0.5. இரண்டு 0.5 சேர்ந்தால் 1. ஆனால் சைன் 60° என்பது 0.866 மட்டுமே. ஒரே ஒரு தடவை இப்படி எண்ணைப் போட்டுப் பார்த்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும். இன்னொன்று கால்குலேட்டர். டிகிரியில் இருக்க வேண்டியது ரேடியனில் இருந்தால், சைன் 30க்கு அது −0.988 என்று காட்டும். சூத்திரம் சரி, படம் சரி, விடை மட்டும் கோணல் என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்பவரின் பிரச்சினை பொத்தான் ஒன்றில் இருக்கலாம். இவையெல்லாம் உண்மையாகவே முக்கோணவியல் சார்ந்த தடுக்கல்கள். ஆனால் இவையும் வரியைக் காட்டினால்தான் வெளியே வரும். விடையை மட்டும் கேட்டால் மறைந்தே இருக்கும்.

எப்படிக் கேட்பது

ஆகவே உதவி கேட்கப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்வது நல்லது. முதலாவது, கேள்வியை ஒரு சொல் விடாமல் எழுதுவது. "ஏதோ கோபுரக் கணக்கு" என்று வாயால் சொன்னால், ஏற்றக்கோணமா இறக்கக்கோணமா என்பதே தொலைந்துவிடும். இரண்டாவது, நீங்களே வரைந்த படம். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தப்பாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பார்த்தவுடன் அது தெரிந்துவிடும். மூன்றாவது, நீங்கள் போட்ட வரிகள், அழிக்காமல். பலர் வெட்கப்பட்டுத் தவறான வரிகளை அடித்துவிட்டுச் சுத்தமான தாளோடு போகிறார்கள். மருத்துவரிடம் வலி இருக்கும் இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு போவதற்கு அது சமம். நான்காவது, நிற்கும் வரிக்கு அடுத்து என்ன வரவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று ஒரு வாக்கியம். "இங்கே ரெண்டு பின்னத்தையும் கூட்டணும்னு தெரியுது, கீழே என்ன போடணும்னு தெரியலை" என்று எழுதியவருக்கு முக்கோணவியல் ஆசிரியர் தேவையில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

கேட்ட பிறகு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வந்த வரி சரிதானா என்று எண்ணைப் போட்டுப் பார்ப்பது. மேலே பார்த்த முற்றொருமையில் தீட்டாவுக்கு 30° போடுங்கள். முதல் பின்னம் 2 + √3 ஆகிறது, இரண்டாவது 2 − √3. கூட்டினால் 4. வலது பக்கம் 2 கொசெக் 30°, அதாவது 2 பெருக்கல் 2, அதுவும் 4. இது நிரூபணம் ஆகாது. ஒரு கோணத்துக்குப் பொருந்துவது எல்லாக் கோணத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தவறான வரியை இது உடனே காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு வரியிலும் 30° போட்டு 4 வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால், எந்த வரியில் 4 வராமல் போகிறதோ அங்கேதான் பிழை நுழைந்திருக்கிறது. யாரிடமும் போகாமலே இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி இது. அதற்கு வேண்டிய 30°, 45°, 60° மதிப்புகளை மனப்பாடம் செய்யக்கூட வேண்டாம். ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் 45° முக்கோணம் கிடைக்கும், ஒரு சமபக்க முக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டினால் 30°, 60° முக்கோணம் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றத்தை வைத்துப் பக்கங்களைக் கண்டால் அட்டவணை முழுவதையும் வேண்டும்போது வரைந்துகொள்ளலாம்.

ஆனால்...

முதல் ஆட்சேபம் நியாயமானது. எந்த வரியிலும் நிற்கவில்லை, முதல் வரியே வரவில்லை என்கிறவர் என்ன செய்வார்? அவரிடம் போய் முயற்சி செய்து பார் என்பது இரக்கமற்ற பதில். இங்கே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்வது தப்பே இல்லை. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் அல்ஜீப்ரா மாணவர்களிடம் செய்த சோதனையில், எல்லாக் கணக்கையும் தாமே போட்டவர்களைவிட, தீர்த்துக் காட்டிய மாதிரிக் கணக்குகளைப் படித்துப் பழகியவர்கள் குறைந்த நேரத்தில், குறைந்த பிழையோடு அதே வகைக் கணக்குகளைப் போட்டார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு மாதிரி வேண்டும். ஆனால் அந்த மாதிரி வரி விடாமல் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், படித்தவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுத வேண்டும், பிறகு அதை மூடிவைத்து அதே வகையில் இன்னொன்றைப் போட வேண்டும். அந்த இரண்டாவது கணக்கில் நிச்சயம் ஒரு வரியில் நிற்பார். அங்கிருந்து மேலே சொன்ன முறை தொடங்கும்.

இரண்டாவது, நேரம். வேலைக்குப் போகிறவர், தேர்வு அடுத்த மாதம், இத்தனை ஆராய்ச்சிக்கு எங்கே போவது, பத்துக் கணக்கை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறேன் என்பார்கள். நேரம் குறைவாக இருப்பவருக்குத்தான் இது அதிகம் பொருந்தும். அடைப்புக்குறி விரிப்பதில் சிக்கல் என்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய இரண்டு மாலைகள் போதும். அது சரியானால் முற்றொருமைக் கணக்குகளில் பாதி தானாகத் திறக்கும், மூலங்கள் காணும் அல்ஜீப்ராப் பாடத்துக்கும் அதே உதவி. மனப்பாடம் செய்த பத்துக் கணக்குகள் அந்தப் பத்துக்கு மட்டுமே உதவும், எண்ணோ எழுத்தோ மாறினால் அதுவும் இல்லை. கணக்குத் தேர்வில் சரியாக எழுதிய படிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், பாதி வரை புரிந்து போட்டவர் வெறுங்கையோடு திரும்பவும் மாட்டார்.

மூன்றாவது ஆட்சேபம் இன்றைய காலத்துடையது. போனில் கணக்கைப் படம் பிடித்தால் வரிவரியாக விடை வருகிறது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் தமிழிலேயே விளக்குகிறது, ஆளைத் தேடி ஏன் போக வேண்டும்? தாராளமாகப் போனிடம் கேட்கலாம். இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு வேறு யார் கிடைப்பார்கள்? சலிக்காமல் பதில் சொல்லும், முகம் சுளிக்காது. ஆனால் கேள்வி பழைய கேள்வியாகவே இருந்தால், போனும் அந்தப் பழைய ஆசிரியரைப் போலத்தான்: முழுவதையும் போட்டுத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பார்க்கும்போது புரிந்த மாதிரி இருப்பது இதில் பெரிய பொறி. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் ஒரு பத்தியை வைத்துச் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நன்றாகச் சொன்னவர்களோ, படித்ததை மூடிவைத்துத் தாமே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள். அது உரைநடையை வைத்துச் செய்த சோதனைதான் என்றாலும், பார்ப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பது கணக்குக்கும் பொருந்தும். ஆகவே போனிடமும் வரியைக் காட்டியே கேளுங்கள்: "இதுவரை போட்டிருக்கிறேன், எங்கே தவறு என்று மட்டும் சொல், மேலே போடாதே." அதுவும் சில சமயம் உறுதியான குரலில் தப்பாகச் சொல்லும். அதற்குத்தான் 30° போட்டுப் பார்க்கும் பழக்கம்.

நான்காவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும் தடுப்பது அதுதான்: கூச்சம். நாற்பது வயதில், தம்பி வயதுடைய ஆசிரியரிடம், பின்னம் கூட்டத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? முக்கோணவியல் தெரியவில்லை என்பதில் கௌரவம் இருக்கிறது, அது கஷ்டமான பாடம் என்று ஊரே ஒப்புக்கொள்ளும். பின்னம் தெரியவில்லை என்பதில் அந்தக் கௌரவம் இல்லை. "முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுங்க" என்ற வேண்டுகோளுக்குள் ஒளிந்திருப்பது பல சமயம் இந்தக் கூச்சம்தான். அதற்கு விலையும் உண்டு. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001இல் காட்டியபடி, கணக்கைக் கண்டு பதறுகிறவர்களுக்கு அந்தப் பதற்றமே மனத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. பல எண்களை ஒரே சமயம் நினைவில் வைத்திருக்க வேண்டிய கணக்குகளில் அதனால் தடுமாறுகிறார்கள். ஆறு வரி முற்றொருமை அப்படிப்பட்ட கணக்கு. அதை ஒரு வரியாகச் சுருக்கிக் கேட்கும்போது சுமை குறைகிறது, கேட்கவும் துணிவு வருகிறது. "எனக்குக் கணக்கே வராது" என்பது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு. "எனக்கு இந்த வரி வரவில்லை" என்பது ஒரு தாளைப் பற்றிய தகவல், அதைச் சொல்ல யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

கடைசியாக, உதவி கேட்கப்படுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வரியோடு வந்து கேட்கும் அளவுக்கு எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்திருக்காது. வழக்கமான வாக்கியத்தோடுதான் வருவார்கள். அப்போது பேனாவை வாங்கி விறுவிறுவென்று போட்டுக் கொடுப்பது சுலபம், நன்றியும் உடனே கிடைக்கும். அதற்குப் பதிலாக, "நீங்க போட்டதை முதல்ல காட்டுங்க" என்று கேட்பவர்தான் உண்மையில் சொல்லிக் கொடுக்கிறார். அம்மாவுக்குச் சொல்லித் தரும் மகளும், அண்ணனுக்கு உதவும் தொழிற்பேட்டை நண்பரும் அதைச் செய்ய முடியும். கணக்கில் மேதையாக இருக்க வேண்டியதில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும். தனித்தேர்வர்களுக்கும் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் வகுப்பில் சூத்திரப் பட்டியலைக் கையில் கொடுப்பதை விட்டு, பின்னம், விரித்தல், விகிதம், படம் வரைதல் இந்த நான்கிலும் சில கேள்விகள் கொடுத்து யாருக்கு எது போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டால், அடுத்து வரும் வாரங்கள் மிச்சமாகும். முக்கோணவியலை மறுபடி கற்க வருகிறவரிடம் குறைவது பாடத்தில் பாதிகூட இல்லை, பல சமயம் ஒன்றிரண்டு துண்டுகள்தான். அவை எவை என்று கண்டுபிடிக்கப் பழகியவர், இந்தப் பாடத்துக்கு மட்டும் உதவி கேட்கக் கற்கவில்லை. அடுத்து வரும் கால்குலஸில் தடுக்கும்போது எதை எடுத்துக்கொண்டு யாரிடம் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.